கிலோ பத்து ரூபாய்க்குப் போர்க்கப்பல்

பொன்னமராவதிக்கும் கடலுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஊரில் பெரிய நீர்ப்பரப்பு என்றால் அமரகண்டான் ஊரணிதான். அதில் நாங்கள் சின்ன வயசில் விட்ட காகிதக் கப்பலைவிடப் பெரிதாக எதுவும் மிதந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டுப் பரணில், நாற்பத்தேழு கிலோ போர்க்கப்பல் இருந்தது என்றால் நம்புவீர்களா?

எடை சொன்னது நான் இல்லை. பழைய பேப்பர்க்காரர்.

பெரியப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெரியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசு. இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று திருச்சியில் இருக்கும் மகள் கூட்டிக்கொண்டு போக, வீட்டை ஒழிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அண்டா, குண்டான், அம்மி எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. பரணிலிருந்த இரண்டு தகர டிரங்குப் பெட்டிகளுக்கு மட்டும் யாரும் வரவில்லை. திறந்தால், இருபத்து மூன்று புத்தகங்கள். ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். சிலது காலுக்கும் வைக்கலாம், அவ்வளவு அகலம்.

"இங்கிலீஸ் புஸ்தகம். படம் வேற நிறைய. வழவழ பேப்பர் பொட்டலத்துக்கு ஆவாது அப்பத்தா. கிலோ பத்து ரூபா போட்டுக்கலாம்" என்றார் டி.வி.எஸ். எக்செல்லில் வந்த பையன்.

"எடுத்துட்டுப் போப்பா. அந்த மனுசன் இதைப் படிச்சுப் படிச்சே கண்ணைக் கெடுத்துக்கிட்டாரு" என்றார் பெரியம்மா.

நான் குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். விழவில்லை. காரணம், என் வீட்டில் அமலில் இருக்கும் ஓர் ஒப்பந்தம். சென்னையில் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு புத்தகம் உள்ளே வந்தால் ஒரு புத்தகம் வெளியே போக வேண்டும். போட்டவர் என் மனைவி. கையெழுத்து வாங்கவில்லையே தவிர, மற்றபடி அது சட்டம்.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. சம்பளத்தில் பாதி ஊருக்கு மணியார்டர், கால்வாசி மெஸ்ஸுக்கு, மிச்சம் மூர் மார்க்கெட். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது, துக்கம் விசாரிக்க ஆள் வராத குறையாகப் பத்து நாள் சவரம் செய்யாமல் இருந்தார். மற்றவர்கள் அங்கே பழைய நாவல் வாங்குவார்கள், கிராமபோன் தட்டு வாங்குவார்கள். இவர் போர்க்கப்பல்களைப் பற்றிய தடி தடியான விவரப் புத்தகங்கள் வாங்கினார். கதைப் புத்தகம் இல்லை. எந்தக் கப்பலில் எந்த இடத்தில் இரும்புத் தகடு எத்தனை அங்குலம், பாய்லர் எத்தனை, எத்தனை டன் எண்ணெய் பிடிக்கும், பீரங்கி எத்தனை டிகிரி நிமிரும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை. நடுவில் கப்பலை வாழைக்காய் நறுக்குகிற மாதிரி குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடங்கள்.

"என்ன பெரியப்பா இது?" என்று கேட்டால், "கப்பலோட எக்ஸ்ரேடா" என்பார்.

இந்த வகைப் புத்தகங்களுக்கு முப்பாட்டன் ஃப்ரெட் ஜேன் என்கிற இங்கிலீஷ்காரர். படம் வரைகிறவர், நாவலும் எழுதினவர். உலகத்திலுள்ள போர்க்கப்பல்களையெல்லாம் கையால் வரைந்து, விவரம் எழுதி 1898-ல் புத்தகமாகப் போட்டார். கூடவே ஒரு கடற்போர் விளையாட்டும் கண்டுபிடித்தார். தாயக்கட்டை மாதிரி சும்மா உருட்டுகிற ஆட்டம் இல்லை அது. குண்டு எந்தத் தகட்டில் பட்டது, துளைக்குமா துளைக்காதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய ஆண்டுப் புத்தகம் இன்றைக்கும் வருகிறது. தூரத்தில் புகை தெரிந்தால் கப்பல் அதிகாரிகள் இந்த மாதிரிப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். புகைபோக்கி எத்தனை, பாய்மரக் கம்பம் எத்தனை என்று எண்ணி, வருவது மாமனா மச்சானா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே!

இதை வைத்தே ஏமாற்றியவன்தான் நம்ம எம்டன். அந்த ஜெர்மன் கப்பலுக்கு மூன்று புகைபோக்கி. கேப்டன் முல்லர் கான்வாஸ் துணியில் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து நிறுத்தினார். தூரத்துப் பார்வைக்கு 'யார்மவுத்' என்கிற பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி அது மெட்ராஸ் கரைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்க்குகளைக் கொளுத்திவிட்டுப் போனதும், பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடியதும், 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்றுவரை சொல்வதும் தெரிந்த கதை. அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் அதே பொய்ப் புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, அங்கே நின்றிருந்த ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. இந்த பினாங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவேன்.

பெரியப்பாவின் பெட்டியில் மூத்த பிள்ளை, ஆஸ்கர் பார்க்ஸ் என்பவர் எழுதிய 'பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்ஸ்'. எழுநூறு பக்கத்துக்கு மேல். இவர் கப்பற்படையில் டாக்டர். ஊசி போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கப்பல். ஜேன் ஆரம்பித்த ஆண்டுப் புத்தகத்துக்குப் பல வருஷம் ஆசிரியராகவும் இருந்தார். 1860-ல் வந்த வாரியரிலிருந்து கடைசியாக வந்த வான்கார்ட் வரை அத்தனை பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் எழுதி முடித்து, புத்தகம் 1957-ல் வெளிவந்தது. மறு வருஷம் கண்ணை மூடிவிட்டார். வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார்.

சார், இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக் கிறுக்கு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். பெரியப்பா ஒரு நாள் 'கேப்டன்' என்ற கப்பலின் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

கப்பல் கட்டுவது பாகப்பிரிவினை மாதிரி என்பார் அவர். சொத்து ஒன்று, அதாவது கப்பல் தாங்குகிற எடை. பங்கு கேட்பவர்கள் மூன்று பேர்: பீரங்கி, கவசம், வேகம். பெரியவனுக்குக் கூடக் கொடுத்தால் சின்னவன் முறைப்பான். மூன்று பேருக்கும் வாரிக் கொடுத்தால் வீடே மூழ்கிவிடும். கேப்டனில் அதுதான் நடந்தது. கூப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரி, சுழல்கிற பீரங்கி மேடை வைத்த கப்பல் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பத்திரிகைகளில் எழுதி, பார்லிமெண்ட்டில் ஆள் பிடித்து, சாதித்துவிட்டார். தலைமைக் கப்பல் சிற்பி எட்வர்ட் ரீட், வேண்டாம், கப்பல் நிற்காது என்று எச்சரித்தார். கேட்கவில்லை. கட்டும்போது எடையைச் சரியாகக் கவனிக்காமல் எழுநூறு டன்னுக்கு மேல் ஏறிவிட்டது. தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தளம் எட்டடி உயரத்தில் இருக்க வேண்டும். இருந்தது ஆறரை அடி.

ஒன்றரை அடிதானே?

1870 செப்டம்பர் 7-ஆம் தேதி, ஸ்பெயின் பக்கத்தில் ஒரு புயல் ராத்திரி. பாய்களோடு சாய்ந்த கப்பல் நிமிரவே இல்லை. ஏறக்குறைய 480 பேர் போனார்கள். அதில் கூப்பர் கோல்ஸும் உண்டு. தன் கப்பலின் பெருமையைப் பார்க்கக் கூடவே போயிருந்தார். கடற்படை மந்திரி, தன் மகனை வேறொரு கப்பலிலிருந்து மாற்றி இதில் ஏற்றியிருந்தார். அந்தப் பையனும் போய்விட்டான்.

"இந்த அட்டவணையில ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால ஆள் இருக்காண்டா" என்றார் பெரியப்பா. அதற்கப்புறம் அந்தப் புத்தகங்களைக் கிண்டல் செய்வதை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவில்லை.

ஏன் இவருக்கு மட்டும் இந்தப் பித்து என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. மற்றவர்களுக்குச் சீட்டாட்டம், இவருக்குக் கப்பல் என்று விட்டுவிட்டோம். அன்றைக்கு, பேப்பர்க்காரர் கொக்கித் தராசில் ஒரு புத்தகத்தை மாட்டும்போது அது கை நழுவித் திண்ணையில் விரிந்து விழுந்தது. விழுந்த பக்கத்தில் பென்சில் எழுத்து. பெரியப்பாவின் பொடி எழுத்து. பக்கத்தின் தலைப்பில் கப்பலின் பெயர்: மலாயா.

எங்கள் ஐயா, அதாவது பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் அப்பா, பத்தொன்பது வயசில் மலாயா போனவர். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவை, குடையும் டிரங்குப் பெட்டியுமாக ஊருக்கு வருவார். வந்தால் பையன்களை உட்கார வைத்து ஒரு கப்பல் கதை சொல்வாராம்.

கதை நிஜம்தான். 1912-ல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நாலு சமஸ்தானங்களும் சேர்ந்து, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு முதல்தரப் போர்க்கப்பலைச் சீதனமாகத் தருவதாகச் சொன்னார்கள். அவர்களாகச் சொன்னார்களா, சொல்ல வைக்கப்பட்டார்களா என்பது வேறு விஷயம். இருபது லட்சம் பவுண்டுக்கு மேல். அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். ஈயத்துக்கும் ரப்பருக்கும் போட்ட வரி, அபினியில் வந்த வருமானம். சுரங்கத்தில் சீனன் தோண்டியது, தோட்டத்தில் தமிழன் சீவியது. 1915-ல் டைன் நதிக் கரையில் கப்பல் தண்ணீருக்குள் இறங்கியது. எட்டுப் பீரங்கி, ஒவ்வொன்றும் பதினைந்து அங்குல வாய். பக்கவாட்டில் பதின்மூன்று அங்குலக் கனத்துக்கு இரும்புப் பட்டை. நிலக்கரி இல்லை, முழுக்க எண்ணெய். அந்தக் காலத்தில் அதற்கு மேல் கப்பல் கிடையாது.

பெரியப்பா ஓரத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 'ஒரு குண்டு 1,920 பவுண்டு. அரிசி மூட்டைக் கணக்கில் 12-க்குக் கொஞ்சம் குறைவு. எட்டும் சேர்ந்து ஒரு தடவை வெடித்தால் 93 மூட்டை.' ரேஷன் காலத்தில் வளர்ந்த மனுஷன், வேறு எந்த அளவில் போடுவார்?

1916 மே 31, ஜட்லண்ட் சண்டை. மலாயா, நடுவில் புலி பாய்கிற சமஸ்தானக் கொடியைக் கட்டிக்கொண்டு போயிற்று. எட்டுக் குண்டு வாங்கியது. சின்னப் பீரங்கிகள் இருந்த பகுதியில் வெடிமருந்து தீப்பற்றி, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முகம் வெந்துபோய்ப் பிழைத்த வில்லி விக்கரேஜ் என்ற மாலுமிக்கு, மறு வருஷம் டாக்டர் ஹரால்ட் கில்லிஸ் மார்புத் தோலை எடுத்து முகம் கொடுத்தார். தோலைக் குழாய் மாதிரிச் சுருட்டி, ரத்த ஓட்டம் அறுந்துபோகாமல் நகர்த்தி ஒட்டுகிற வித்தையை அப்போதுதான் அவர் கண்டுபிடித்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் அவர் ஒருவர். ஒரு கப்பலில் எத்தனை சமாசாரம் பாருங்கள்! 1922-ல் துருக்கியின் கடைசி சுல்தான் பதவி போய் ஊரை விட்டு ஓடியதும் இதே கப்பலில்தான். சுல்தான்கள் கொடுத்த கப்பல், ஒரு சுல்தானுக்கு உதவியது.

1921 ஜனவரியில் கன்னாட் கோமகன், புது சட்டசபையைத் திறந்து வைக்க இதில்தான் மெட்ராஸுக்கு வந்தார். அப்படியே மலாயாவுக்கும் போய், பணம் கொடுத்தவர்களுக்குக் காட்சி தந்தது கப்பல். இருபத்தோரு வயசு ஐயா, ஒரு நாள் லீவு போட்டு, ரயிலேறிப் போய்ப் பார்த்தாராம். "மலை மாதிரி நின்னுச்சு. அதுல ஒரு ஆணியாவது நம்ம தோட்டத்துக் காசுல அடிச்சதுதான்" என்பாராம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கியபோது பெரியப்பாவுக்குப் பதினோரு வயசு. கொன்னையூர் மாரியம்மனுக்கு அப்பத்தா முடிந்து வைத்த காசு ஒரு பக்கம். இவருக்கு ஒரே நம்பிக்கை: நம்ம கப்பல் இருக்கு, ஐயாவுக்கு ஒண்ணும் ஆகாது. தெருவில் பையன்களிடம் பந்தயம் கட்டினாராம். இதைச் சொன்னது பெரியம்மா, அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து. எனக்கு அதுவரை தெரியாது.

கப்பல் வரவில்லை. எம்டன் பினாங்குக்குள் புகுந்தபோது அது கட்டி முடிக்கவே இல்லை, சரி. இப்போது? பென்சிலில் இரண்டே வரி:

'10-12-41 அன்று மலாயா ஜிப்ரால்டரில். ஐயா கடைசிக் கடுதாசி 18-11-41.'

அந்த டிசம்பர் 10-ஆம் தேதிதான் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களையும் குவாந்தான் பக்கத்தில் ஜப்பானிய விமானங்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் மூழ்கடித்தன. 840 பேர். மலாயா வந்திருந்தாலும் அதே கதிதான் என்பது அடுத்த பக்கத்து அட்டவணையிலேயே இருக்கிறது. கூடப் பிறந்த கப்பல்களில் மூன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, பீரங்கி முப்பது டிகிரி நிமிர்கிற மாதிரி செய்தார்கள். இதற்கு ஏதோ மேல்பூச்சு. பீரங்கி பழைய இருபது டிகிரியிலேயே நின்றுவிட்டது. அந்த '20'-ஐச் சுற்றிப் பெரியப்பா பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. பேப்பர் தேய்ந்து போயிருந்தது.

ஐயா திரும்பவில்லை. சயாம் ரயில் பாதை போட்ட இடத்தில் பார்த்ததாக, சண்டை முடிந்து ஊர் வந்த ஒருத்தர் சொன்னாராம். இன்னொருத்தர் அது வேறு ஆள் என்றாராம். அப்பத்தா கடைசி வரை குங்குமத்தை அழிக்கவில்லை.

பேப்பர்க்காரர் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், போடவா வேணாமா? வெயில் ஏறுது."

பெரியம்மா கேட்டார்: "ஏண்டா, அந்தக் கப்பல் கடைசில என்னாச்சு? உங்க பெரியப்பா அதை மட்டும் சொன்னதே இல்லை."

"1948-ல ஸ்காட்லாந்துல வச்சு உடைச்சுட்டாங்க பெரியம்மா. பழைய இரும்புக்கு."

"எடைக்கா போட்டாங்க?"

"ஆமா."

கொஞ்ச நேரம் ஊரணிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேப்பர்க்காரரைப் பார்த்து, "நீ போயிட்டு வாப்பா. இது எடைக்கு இல்லை" என்றார். பையன் பாவம், திட்டாமல் ஒரு மோர் குடித்துவிட்டு, கிழிந்த டைரிகளையும் இரண்டு பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார்.

இருபத்து மூன்றில் பதினாறை, என்ஜினியரிங் படிக்கிற ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஆட்டோ வைத்து ஏற்றிப் போனான். போகும்போதே ஒரு குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி போனான். பெரியப்பா பிடித்திருப்பார் அவனை. மிச்சம் ஏழு.

மனைவிக்குப் போன் செய்தேன். "ரெண்டே ரெண்டு புஸ்தகம். கையெழுத்து இருக்கு, விட மனசில்லை."

"ரெண்டு வெளிய போகணும்."

"போகும்."

1922-ல் வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டு, இனி ஒரு போர்க்கப்பல் 35,000 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பிற்பாடு ஜெர்மனியும் அந்த அளவுக்குத் தலையாட்டிவிட்டு, பிஸ்மார்க் கப்பலை 35,000 டன் என்றே அறிவித்தது. நிஜ எடை 41,000-த்துக்கு மேல். ஜப்பான்காரன் ஒப்பந்தத்தையே உதறிவிட்டு யமாடோவைக் கட்டினான். 46 சென்டிமீட்டர் பீரங்கிக்கு, காகிதத்தில் 40 சென்டிமீட்டர் என்று பெயர் வைத்தான். சண்டை முடிகிறவரை எதிராளிக்குச் சரியான அளவு தெரியாது.

ஆக, ஏழு புத்தகம் வந்துவிட்டது. அறிவிக்கப்பட்டது இரண்டு. மிச்சம் ஐந்தும் பழைய சூட்கேஸில், கட்டிலுக்கு அடியில், குளிர்கால ரஜாய்க்குக் கீழே கவசத்தோடு இருக்கின்றன. சென்னையில் ரஜாயை யார் எடுக்கப் போகிறார்கள்? மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்பது என் நம்பிக்கை. உங்களில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.